சாயவேரும் கிணற்றுத் தண்ணீரும்: சோழமண்டலக் கரையின் துணி ஓவியம் ஐரோப்பாவுக்குப் போன வழி

பாரிஸில் உள்ள தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 1734ஆம் ஆண்டை ஒட்டி எழுதப்பட்ட ஒரு பிரெஞ்சுக் கையெழுத்துப் பிரதி இருக்கிறது. எழுத்தோடு 11 பருத்தித் துணித் துண்டுகளும் அதில் சேர்ந்துள்ளன. புதுச்சேரிக்கு வந்த போல்யூ என்ற கடற்படை அதிகாரி, சித்திரத் துணி ஒன்றைத் தன் கண்ணெதிரே செய்யச் சொல்லி, ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் ஒரு துண்டை வெட்டி எடுத்து வைத்தார். அவரை அவ்வாறு செய்யச் சொன்னவர் டு ஃபே என்ற விஞ்ஞானி. மின்சாரம் இரு வகைப்படும் என்று கண்டறிந்தவர் என இயற்பியல் வரலாறு அவரை நினைவில் வைத்திருக்கிறது. பிரெஞ்சு அரசுக்காகச் சாயத் தொழிலை மேற்பார்வையிடுவதும் அவருடைய வேலைதான்.

அந்தத் துணியை வரைந்தவர் யார் என்று நமக்குத் தெரியாது. இந்த வரலாறு முழுவதிலும் திரும்பத் திரும்ப எதிர்ப்படும் இடைவெளி இது. எழுதியவர், எழுதச் சொன்னவர், வாங்கியவர், விற்றவர், தடை போட்டவர் ஆகிய எல்லோருக்கும் பெயர் இருக்கிறது. துணியைச் செய்தவருக்கு மட்டும் இல்லை.

போல்யூ குறிப்பெடுத்த அந்த நாளில், இந்திய அச்சுத் துணிகளுக்கும் சித்திரத் துணிகளுக்கும் பிரான்சில் தடை இருந்தது. உள்நாட்டுப் பட்டு, கம்பளி நெசவாளர்களைக் காப்பதற்காக 1686ல் விதிக்கப்பட்ட அந்தத் தடை 1759 வரை நீடித்தது. இங்கிலாந்திலும் நிலைமை இதே போலத்தான். 1700லும் 1721லும் அங்கே தடைச் சட்டங்கள் வந்தன. இரண்டுக்கும் இடையே, 1719ல், லண்டன் நெசவாளர்கள் சீட்டித் துணி உடுத்திய பெண்களைத் தெருவில் மறித்து ஆடையைக் கிழித்தார்கள். ஒரு துணிமீது இவ்வளவு மோகமும் இவ்வளவு கோபமும் எழுந்ததற்குக் காரணம் அதன் அழகு மட்டும் அல்ல. துவைத்தாலும் அதன் நிறம் போகவில்லை. ஐரோப்பியப் பட்டறைகளில் பருத்தியின்மேல் அச்சிட்ட வண்ணங்கள் தண்ணீர் பட்டதும் கரைந்தன, அல்லது எண்ணெய் நாற்றத்தோடு விறைத்து நின்றன. சோழமண்டலக் கரையின் துணியோ துவைக்கத் துவைக்கப் பொலிவு கூடியது என்று வியந்தார்கள்.

அந்த வியப்புக்குக் காரணமான வேலைமுறையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இதை "இயற்கைச் சாயம்" என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கிவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. உண்மையில் அது சாயத்தைப் பூசும் கலையே அல்ல. சாயம் எங்கே பிடிக்க வேண்டும், எங்கே பிடிக்கக் கூடாது என்பதை முன்கூட்டியே துணிக்குச் சொல்லிவைக்கும் கலை.

பருத்தி இழை எளிதில் நிறம் பிடிக்காது. அதனால் முதலில் துணியை அரைகுறையாக வெளுத்து, கடுக்காய்ப் பொடியும் எருமைப் பாலும் கலந்த நீரில் ஊறவைத்துக் காயவைப்பார்கள். கடுக்காயின் துவர்ப்புச் சத்து அடுத்து வரும் உப்புகளைப் பிடித்துக்கொள்ளும். பாலின் கொழுப்பு, வரையும் கோடு கசிந்து பரவாமல் தடுக்கும். பிறகு துணியை மடித்து, மரக் கட்டையால் அடித்து வழவழப்பாக்குவார்கள். படத்தின் கோடுகளைக் காகிதத்தில் ஊசியால் துளையிட்டு, துணிமேல் விரித்து, கரித்தூள் பொட்டணத்தால் ஒற்றினால் புள்ளிப் புள்ளியாக உருவம் விழும்.

அதன்மேல் கலம் எனப்படும் எழுதுகோல் ஓடும். கறுப்பு வேண்டிய இடத்தில், இரும்பையும் வெல்லத்தையும் நீரில் புளிக்கவைத்து எடுத்த கரைசல். அது கடுக்காயைத் தொட்டதும் கறுத்துவிடும். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரக் கரைசல். படிகாரத்துக்கு நிறம் கிடையாது என்பதால், வரைபவரின் கண்ணுக்குக் கோடு தெரிவதற்காக மட்டும் அதில் பதிமுகக் கட்டைச் சாற்றைச் சிறிது சேர்ப்பார்கள். அந்தச் செம்மை பின்னால் கழுவலில் போய்விடும். இதற்குப் பிறகுதான் சாயவேர், அதாவது சிவப்புச் சாயம் தரும் ஒரு செடியின் வேர். துணி முழுவதையும் சாயவேர் கொதிக்கும் பாத்திரத்தில் இறக்குவார்கள். படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு நிலைத்து நிற்கும். மற்ற இடங்களில் லேசாக ஒட்டிய நிறத்தை ஆட்டுப் புழுக்கை கரைத்த நீரில் ஊறவைத்து, வெயிலில் விரித்து, மீண்டும் மீண்டும் தண்ணீர் தெளித்துப் போக்குவார்கள். படிகாரத்தின் செறிவைக் கூட்டிக் குறைத்தால் அதே வேரிலிருந்து இளஞ்சிவப்பு முதல் அடர் சிவப்பு வரை கிடைக்கும். நம் பாடநூல்கள் படிகாரம் போன்ற இப்பொருள்களை நிறமூன்றி என்கின்றன.

நீலத்துக்கு வழி வேறு. அவுரி நீலம் நிறமூன்றியைக் கேட்காது. துணியை முழுவதுமாகச் சாலில் முக்கித்தான் ஆக வேண்டும். எனவே நீலம் வேண்டாத இடத்தையெல்லாம் தேன்மெழுகால் மூட வேண்டும். நீலச் சாலைப் புளிக்கவைக்கத் தென்னாட்டில் தகரை விதையை வேகவைத்துச் சேர்த்தார்கள். சித்திரக்காரர் இந்த வேலையைத் தானே செய்வதில்லை. மெழுகு பூசிய துணியை நீலச் சாயக்காரரிடம் கொடுத்து வாங்குவார். பச்சைக்கு, நீலத்தின்மேல் மஞ்சள் தீட்டுவார்கள். இந்த மஞ்சள் மட்டும் உறுதியற்றது. பழைய துணிகளில் இலைகள் நீலமாகத் தெரிவது மஞ்சள் வெளிறிப் போனதால்தான்.

இந்த முறையை இந்தியாவின் தனிச்சொத்து என்று சொல்லிவிட முடியாது. எகிப்தியர் நிறமற்ற மருந்துகளால் துணியில் வரைந்து, ஒரே சாயத்தில் முக்கிப் பல நிறங்களோடு எடுத்ததை முதல் நூற்றாண்டில் ரோமானியர் பிளினி எழுதிவைத்திருக்கிறார். படிகாரமும், சிவப்புச் சாயம் தரும் மஞ்சிட்டி இனத்து வேரும் கம்பளிக்குச் சாயமேற்றிய ஐரோப்பியருக்குப் புதியவை அல்ல. பருத்தியின்மேல், நுண்ணிய கோடுகளில், பத்துக்கு மேற்பட்ட படிகளை ஒன்றோடொன்று முரண்படாமல் அடுக்கிச் செய்யும் முழு ஒழுங்குதான் அவர்களிடம் இல்லாதது.

அதைத் தேடி எழுதியவர்களில் மிக முக்கியமானவர் கெர்து என்ற இயேசு சபைப் பாதிரியார். 1732ல் இந்தியாவுக்கு வந்து, 1779ல் புதுச்சேரியில் மறைந்தவர். சமஸ்கிருதம், லத்தீன், கிரேக்கம் மூன்றுக்கும் உள்ள உறவை, அதற்காகவே புகழ்பெற்ற ஆங்கில அறிஞர் வில்லியம் ஜோன்ஸுக்கு முன்பே எடுத்துச் சொன்னவரும் அவர்தான். 1742 ஜனவரியில் அவர் எழுதிய நீண்ட கடிதம் சித்திரத் துணி செய்யும் முறையைப் படிப்படியாக விவரிக்கிறது. கிறிஸ்தவத்துக்கு மாறிய சித்திரக்காரர்களிடம் அவர் கேட்டறிந்தார். பலமுறை கேட்டார், ஒருவருக்கு மற்றவர் சொன்னது தெரியாதபடி தனித்தனியாகவும் கேட்டார். இன்றைய கள ஆய்வாளரும் மெச்சும் நேர்த்தி அது. கடுக்காய், சாயவேர், தகரை விதை ஆகியவற்றின் தமிழ்ப் பெயர்களைப் பிரெஞ்சு எழுத்துகளில் அப்படியே கொடுத்தார். ஐரோப்பாவின் தொழில்கள் மேம்பட உதவக்கூடிய அறிவை அனுப்புகிறேன் என்ற நோக்கத்தையும் அவர் மறைக்கவில்லை. பியேர் புவாவ்ர் என்ற பிரெஞ்சுக்காரர் தன் கருத்துகளைச் சேர்த்து அனுப்ப, அதைத் தொடர்ந்து 1747ல் இன்னொரு கடிதமும் வந்தது.

கெர்துவைத் திருடர் என்று சொல்ல எனக்கு மனமில்லை. மறைத்து எதையும் கேட்டவர் அல்லர். சித்திரக்காரர்களின் திறமையை மதித்தவர். ஆனால் மதிப்பு வேறு, கைம்மாறு வேறு. ஞானஸ்நானம் பெற்றவர்கள் தங்கள் பாதிரியாரிடம் "சொல்ல மாட்டோம்" என்று எந்த அளவுக்குச் சொல்லியிருக்க முடியும் என்பதையும் யோசிக்க வேண்டும். அந்தக் கடிதம் அச்சாகி, லண்டனில் நிலையான நிறங்களைப் பற்றி ஆராய்ந்த எட்வர்ட் பான்கிராஃப்ட் போன்றவர்களின் கைக்கும் போய்ச் சேர்ந்தது. தகவல் சொன்னவர்களுக்கு அதனால் ஒரு முழத் துணிக்கான ஆர்டர்கூடக் கூடுதலாக வந்ததாகச் செய்தி இல்லை.

இப்போது எதிர்த்திசையைப் பார்ப்போம். வடிவமைப்பு அங்கிருந்து இங்கே வந்தது. 1643ல் லண்டனிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்கள் இந்தியாவிலிருந்த தங்கள் ஆட்களுக்கு எழுதினார்கள்: வருகிற விரிப்புகளில் பெரும்பாலானவை மங்கிய சிவப்புப் பின்னணியில் இருக்கின்றன, அவை இங்கே அவ்வளவாக விரும்பப்படவில்லை, இனி வெள்ளைப் பின்னணி கூடுதலாக இருக்கட்டும், பூவும் கிளையும் நடுவில் ஓவியரின் விருப்பப்படி வண்ணத்தில் வரட்டும். கடைசிச் சொற்றொடரை நான் முக்கியமாக நினைக்கிறேன். நிறம் யாருடைய ரசனைப்படி என்று தீர்மானித்தது சந்தை. உருவத்தை ஓவியரிடமே விட்டுவிட்டார்கள்.

காலப்போக்கில் மாதிரிகள் வரத் தொடங்கின. ஐரோப்பியப் பூவேலைகள், சீனப் பாணிப் பாறைகள், பாரசீகத் தோட்ட மரங்கள் எல்லாம் கலந்து, பாறையிலிருந்து வளைந்து எழும் பெரிய பூமரம் ஒன்று உருவானது. இதுதான் 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் படுக்கையறைகளை நிறைத்த விரிப்பின் உருவம். ஒரே கிளையில் பத்து வகைப் பூக்கள் பூக்கும் அந்த மரம் எந்த நாட்டிலும் வளராது. அது இந்தியப் படமா ஐரோப்பியப் படமா என்ற கேள்விக்கு விடை தேடுவதில் பயன் இல்லை. கடல் தாண்டிய பேரத்தில் பிறந்த மரம் அது.

ஐரோப்பா மட்டும் வாடிக்கையாளர் அல்ல. சயாமின் (இன்றைய தாய்லாந்து) அயுத்தியா அரசவை தன் மாதிரிகளை அனுப்பிச் சோழமண்டலத்தில் துணி செய்வித்துக்கொண்டது. ஜப்பானில் சரசா என்று போற்றினார்கள். சென்னையில் வாழ்ந்த ஆர்மீனியர்கள் தங்கள் தேவாலயங்களுக்கு, ஆர்மீனிய எழுத்துகளோடு, திரைச்சீலைகள் வரையச் செய்தார்கள். படிக்கத் தெரியாத எழுத்தையும் பிசகில்லாமல் வரைந்தவர்கள் நம் சித்திரக்காரர்கள். பழவேற்காட்டிலும் சதுரங்கப்பட்டினத்திலும் டச்சுக் கம்பெனியின் கொள்முதல் நடந்தது. அந்நிய ரசனையை உள்வாங்கிக் கொடுப்பது இந்தக் கரைக்குப் பழகிய வேலை. வெள்ளைப் பின்னணி வேண்டும் என்று லண்டன் ஒரு வரியில் எழுதியதை, புழுக்கை நீரிலும் வெயிலிலும் நாள்கணக்கான உழைப்பாக இங்கிருந்தவர்கள் மாற்றிக் கொடுத்தார்கள்.

கெர்துவின் கடிதத்தில் என்னை அதிகம் ஈர்ப்பது தண்ணீரைப் பற்றிய பகுதி. எல்லாத் தண்ணீரும் உதவாது, சில வேலைகளுக்குக் கடுப்பான சுவையுள்ள கிணற்று நீர்தான் வேண்டும் என்று சித்திரக்காரர்கள் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். நல்ல நீர் எது, கடுப்பு நீர் எது என்று வாயில் வைத்துப் பார்த்தே பிரித்திருக்கிறார்கள். கெர்து அதை எழுதிவைத்தார். காரணம் அவருக்குத் தெரியாது.

அந்தக் காரணத்தின் ஒரு பகுதி ஐரோப்பாவில் வேறொரு வழியாக வெளிப்பட்டது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஹௌஸ்மன் என்ற துணி அச்சாளர் பிரான்சின் ரூவான் நகரில் மிக நல்ல சிவப்பை எடுத்துவந்தார். பிறகு அல்சாஸ் பகுதியில் கொல்மார் அருகே லோகெல்பாக் என்ற ஊரில் பட்டறை போட்டார். அதே மஞ்சிட்டி இன வேர், அதே படிகாரம், அதே கை. சிவப்பு மட்டும் வரவில்லை. தேடிப் பார்த்தபோது, ரூவான் நீரில் சுண்ணாம்பு இருந்தது, லோகெல்பாக் நீரில் இல்லை என்று தெரிந்தது. சாயத்தில் சுண்ணாம்புக் கல் தூளைச் சேர்த்ததும் சிவப்பு திரும்பியது. வேரில் உள்ள அலிசரின் என்ற நிறப்பொருள், படிகாரத்தின் அலுமினியம், சுண்ணாம்பின் கால்சியம் மூன்றும் சேர்ந்தால்தான் அந்தச் சிவப்பு முழுமையாக உறுதிப்படும் என்பது இன்றைய வேதியியல் தரும் விளக்கம். சாயவேர், கிளிஞ்சல் தூள் கலந்த கடலோர மணலில் நன்றாக விளைவதும், கரையோரக் கிணறுகளைச் சித்திரக்காரர்கள் தேர்ந்தெடுத்ததும் இந்த வெளிச்சத்தில் வேறு பொருள் பெறுகின்றன.

குறிப்பேட்டில் ஏறும் அறிவு ஒன்று உண்டு. ஊரோடு ஒட்டியிருக்கும் அறிவு வேறு ஒன்று. கடுக்காய், படிகாரம், மெழுகு ஆகியவற்றின் வரிசை முதல் வகை. அது கப்பல் ஏறியது. தண்ணீரின் ருசியும், வேரின் வயதும், பாலின் அளவைத் துணியின் கனத்துக்கு ஏற்ப மாற்றும் கையும் இரண்டாம் வகை. சாயவேரை இங்கிலாந்துக்கு அனுப்பிப் பார்த்த முயற்சிகளும் பலிக்கவில்லை. நீண்ட கடற்பயணத்தில் வேரின் வீரியம் போய்விட்டதாகக் கருதினார்கள். ஐரோப்பியர் தங்களிடமிருந்த மஞ்சிட்டி இன வேருக்கும் தங்கள் ஊர் நீருக்கும் ஏற்றபடி எல்லாவற்றையும் மறுபடி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. நிறமூன்றியில் பசை கலந்து கெட்டியாக்கி, மரக் கட்டையால் அச்சிட்டார்கள். 1750களில் செப்புத் தகட்டு அச்சு, 1760ல் பாரிஸ் அருகே ஜூயில் ஓபர்காம்ஃபின் தொழிற்சாலை, 1783ல் தாமஸ் பெல்லின் உருளை அச்சு என்று வேகம் கூடிக்கொண்டே போனது. கலம் பிடித்த கை நாள் முழுவதும் வரைந்ததை உருளை சில நிமிடங்களில் அடித்துத் தள்ளியது.

அந்த உழைப்பையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஹௌஸ்மன் காரணத்தைத் தேடிய விதம் நம் பட்டறைகளில் இல்லாத ஒன்று. கொடுத்தவர் பங்கு மட்டும் கணக்கிலிருந்து காணாமல் போனதுதான் பிழை.

கடல் கடந்த சாயவேர்க் கதையில் யாழ்ப்பாணமும் மன்னாரும் உண்டு. அங்கே தீவுகளின் மணற்பரப்பில் விளைந்த வேர் உயர்தரமானது என்று பெயர் பெற்றிருந்தது. அதைத் தோண்டும் உரிமையை டச்சு ஆட்சி தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்தது. வேர் தோண்டியவர்களின் முதுகு வளையாமல் ஆம்ஸ்டர்டாம் வீடுகளில் ஒரு சிவப்புப் பூவும் மலர்ந்திருக்காது.

1868ல் ஜெர்மானியர்களான கிரேபேயும் லீபர்மனும் அலிசரினை ஆய்வகத்தில் உருவாக்கினார்கள். அடுத்த ஆண்டே தொழில்முறை உற்பத்திக்கான காப்புரிமைகள் பதிவாயின. வேரில் இருந்த அதே மூலக்கூறு நிலக்கரித் தாரிலிருந்து மலிவாக வந்துவிட்டது. பிரான்சில் மஞ்சிட்டி வயல்கள் அழிந்தன. இங்கே சாயவேர் தோண்டுவது நின்றது.

ஆனால் இதை அழிவுக் கதையாக மட்டும் சொன்னால் மதுரைச் சௌராஷ்டிரச் சாயக்காரர்களுக்கு அநியாயம் செய்தவர்கள் ஆவோம். நூலை எண்ணெயிலும் காரச் சாம்பல் நீரிலும் மாறி மாறி ஊறவைத்துச் சாயவேரில் சிவப்பேற்றிய அவர்கள், அலிசரின் வந்ததும் தங்கள் எண்ணெய் முறைக்குள்ளேயே அதை இழுத்துக்கொண்டார்கள். வேரின் இடத்தில் ஜெர்மன் பொடி. மற்ற படிகள் தங்களுடையவை. மதுரைச் சிவப்பின் புகழ் குறையவில்லை. அதன் பொலிவுக்கு வைகைத் தண்ணீரே காரணம் என்ற பேச்சும் ஊரில் நிலைத்திருந்தது. அந்நியப் பொருளைத் தன் முறைக்கு அடக்கிக்கொள்வதும் அறிவுப் பரிமாற்றம்தான். அதில் மதுரைக்காரர்கள் யாருக்கும் இளைத்தவர்கள் அல்லர்.

கொள்ளிடக் கரையில் உள்ள கொடாலி கருப்பூருக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துக்காக அங்கே நெய்த சேலைகளில் நெசவிலேயே பொன்சரிகை உருவங்கள் இருக்கும். பிறகு மெழுகும் கலமும் கொண்டு மற்ற இடங்களில் சாயம் ஏற்றுவார்கள். 1855ல் தஞ்சை அரசு முடிந்ததும் வாங்குவதற்கு ஆள் இல்லாமல் போனது. இன்று கும்பகோணம் வட்டாரத்தில், சிக்கல்நாயக்கன்பேட்டை போன்ற இடங்களில், கோயில்களில் உருளையாகத் தொங்கும் தொம்பைகளும் தோரணங்களும், மேற்கட்டித் துணிகளான அஸ்மானகிரிகளும் கலம்காரியாக, அதாவது கலம் கொண்டு வரையும் வேலையாக, தொடர்கின்றன. 2021ல் கருப்பூர் கலம்காரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அது நல்ல செய்தி. எனினும் புவிசார் குறியீடு ஊரின் பெயரைக் காக்கும். சாயவேரை அதுவே விளைவித்துக் கொடுத்துவிடாது, நல்ல தண்ணீரையும் கொண்டுவராது.

வேறு மாதிரியாகவும் நடக்க முடியும் என்பதற்கு ஆஸ்திரேலியாவில் ஓர் உதாரணம் இருக்கிறது. குயின்ஸ்லாந்தின் வடமேற்கில் காமுவீல் பகுதியைச் சேர்ந்த இந்ஜலாண்ட்ஜி-திதானு மக்களுக்கு ஸ்பினிஃபெக்ஸ் என்ற முட்புல் வாழ்வோடு கலந்தது. அதன் பிசினால் ஆயுதங்களுக்குக் கைப்பிடி ஒட்டினார்கள். புல்லால் குடில் வேய்ந்தார்கள். குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தப் புல்லிலிருந்து மிக நுண்ணிய செல்லுலோஸ் இழைகளைப் பிரித்து, ரப்பர் பாலோடு சேர்த்தால் மெல்லியதும் வலுவானதுமான படலம் கிடைக்கும் என்று கண்டார்கள். 2015ல் பல்கலைக்கழகமும் அம்மக்களின் துகலுஞ்சி அமைப்பும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. புல்லைப் பற்றிய அம்மக்களின் அறிவை அது அங்கீகரிக்கிறது. வணிகமானால் பலனில் பங்குக்கும் இடம் தருகிறது. ஆய்வு தொழிலாக வெற்றிபெறுமா என்பது வேறு விஷயம். யாருடைய அறிவிலிருந்து தொடங்கினோம் என்பது தாளில் பெயரோடு இருக்கிறது. 1742ல் இங்கே நடக்காதது அதுதான்.

அந்தப் பெயர்களை இனி மீட்க வழியில்லை. அவர்கள் சொன்னதை மீட்க வழி இருக்கிறது. போல்யூவின் கையெழுத்துப் பிரதியை பி. ஆர். ஸ்வார்ட்ஸ் என்ற ஆய்வாளர் 1956ல் ஆங்கிலத்தில் விளக்கங்களோடு வெளியிட்டார். கெர்துவின் கடிதங்களும் ஆங்கில ஆய்வுகளில் அலசப்பட்டுள்ளன. தமிழில் சொல்லப்பட்டு, பிரெஞ்சில் எழுதப்பட்டு, ஆங்கிலத்தில் ஆராயப்பட்ட இந்தக் குறிப்புகள், சாயம் தெரிந்த ஒருவரின் துணையோடு, அளவுகளும் படிகளும் பிழையில்லாமல், கருப்பூர்க் கலம்காரிப் பட்டறைகளுக்குத் தமிழில் போய்ச் சேர வேண்டும். கூடவே கடலோர மணலில் சில ஏக்கர் சாயவேர் பயிரிட அரசின் கைத்தறித் துறையோ வேளாண் பல்கலைக்கழகமோ முன்வரலாம். வேர் தோண்டும் அளவுக்கு முற்ற இரண்டு ஆண்டுகளாவது ஆகும் என்பதால், மொழிபெயர்ப்பையும் நடவையும் ஒரே நேரத்தில் தொடங்குவதே சரி.